பிள்ளை வளர்ப்பும் வேலைதான்

விடியுமுன் செங்கல் சூளைக்குப் புறப்படும் தாய், கைக்குழந்தையை எங்கே விடுவாள்? பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் நம் குடும்பங்கள் மூன்று வழி கண்டிருக்கின்றன. ஒருத்தி களியக்காவிளைக்கு அப்பால் பாட்டியிடம் விட்டு வருகிறாள். இன்னொருத்தி சூளைக்கே சுமந்து போகிறாள். மற்றொருத்தி கூலியை இழந்து வீட்டோடு இருக்கிறாள். அல்லது பாலராமபுரத்து நெசவாளர் வீட்டுப் பெண்களைப் போல, நூல் சுற்றிக்கொண்டே தொட்டிலை ஆட்டுகிறாள்.

இவர்களில் யார் நல்ல தாய் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியே தவறு. மூவரையும் அரசு தாங்கவில்லையே, ஏன்? இதுவே நம் கேள்வி.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் ஊதியத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்ற விதியும் வந்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை உள்ளன. ஆனால் பத்துக்கும் குறைவானோர் வேலை செய்யும் சூளைக்கும், முதலாளி யாரென்றே தெரியாத வீட்டு வேலைக்கும் இதனால் என்ன பயன்? மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்குத் தருவது 5,000 ரூபாய், அதுவும் தவணையில். 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் நமக்குப் பெருந்துணைதான். ஆனால் தாய் வேலை முடிந்து திரும்புமுன் அதன் கதவு சாத்தப்படுகிறது.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாட்டியின் மடி ஒரு மாநிலத்திலும் தாயின் கூலி மறு மாநிலத்திலுமாகப் பிரிந்தன.

பின்லாந்து 1985-இல் ஒரு சட்டம் செய்தது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையை நகராட்சிக் காப்பகத்தில் விடலாம்; வீட்டில் வளர்த்தால் உதவித்தொகை பெறலாம். உதவித்தொகை பெண்ணை வீட்டில் பூட்டிவிடும் என்ற அச்சம் அங்கும் எழுந்தது. அந்த அச்சம் நியாயமானதே. ஆகவேதான் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கக் கூடாது என்கிறோம்.

நாம் கேட்பது இவை: வேலை நேரம் முழுதும் திறந்திருக்கும் காப்பகம், சூளைக்கும் கட்டட வேலை இடத்துக்கும் அருகிலேயே பிள்ளைக் கொட்டகை, வீட்டில் வளர்ப்பவர் தாயோ தந்தையோ பாட்டியோ, அவருக்கு மாத உதவி, எல்லையின் எந்தப் பக்கம் பிள்ளை இருந்தாலும் தடையின்றிச் சத்துணவு.

வழியைத் தேர்ந்தெடுப்பது குடும்பத்தின் உரிமை. அதற்குத் துணை நிற்பது இரு மாநில அரசுகளின் கடமை. இதைக் கேட்க நம் பெண்கள் முன்வர வேண்டும். ஆண்கள் அவர்களோடு நிற்க வேண்டும்.