இரட்டைவில்லைக் கமராவும் இழந்த முகங்களும்

பழம்பொருளைப் போற்றுதல் நன்று. ஆயின், எதற்காகப் போற்றுகிறோம் என்பதில் நாம் தெளிவுடையோம் அல்லேம். மரத்தாலான பழைய ஸ்டீரியோ கமரா இதற்கு ஏற்ற சான்றாகும்.

நம் இரு கண்களும் ஒரு காட்சியைச் சிறிது வேறுபட்ட இரு கோணங்களிற் காண்கின்றன. அவை இணைதலாலேயே ஆழம் புலப்படுகின்றது. இவ்வுண்மையை 1838இல் சாள்ஸ் வீற்ஸ்ரன் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். கண்களின் இடைவெளி ஏறத்தாழ 65 மில்லிமீற்றர். அதனையொட்டி இரு வில்லைகளை ஒரே பெட்டியிற் பொருத்தினர். உள்ளே நடுத்தடுப்பொன்று இரு படங்களும் கலவாது காக்கும்.

சென்னை அரசின் ஒளிப்படக்காரராயிருந்த கப்டன் லினியஸ் ட்ரைப் 1858இல் மதுரையையும் தஞ்சையையும் இம்முறையிற் படம்பிடித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அண்டர்வூட் அன்ட் அண்டர்வூட் நிறுவனம் இலங்கைக் காட்சிகளையும் இரட்டைப் படங்களாக விற்றது. தேயிலைத் தோட்டங்களும் கொழுந்து பறிக்கும் நம்மவரும் அவற்றில் உளர். அவர்தம் பெயர்கள் இல.

நிற்க. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. பங்களாப் பொருள்கள் பல கைமாறின. அவ்வாறு வந்த கமரா ஒன்றைப் பதுளையிற் பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம் கண்டேன். மரத்தைச் சுரண்டி வார்னிஷ் பூசிப் பித்தளையைத் துலக்கி வைத்திருந்தார். "இதனுடன் கண்ணாடித் தகடுகள் வரவில்லையா?" என்றேன்.

"ஒரு பெட்டி நிறைய வந்தது ஐயா. கழுவிச் சின்னச் சாமிப்படங்களுக்குப் போட்டுவிட்டேன்" என்றார்.

அவரை நோதல் தகாது. அவர் அறிந்தது பித்தளையின் விலையே. ஆயின், கமராவின் மதிப்புக்கூட அந்த மினுக்கத்தில் இல்லை. வில்லைகள் இரண்டும் ஓரிணையா, நடுத்தடுப்பும் துருத்தியும் தகட்டுச் சட்டங்களும் ஆதியில் இருந்தவையா, செய்தவர் பெயர்த் தகடு உளதா என்பவற்றையே அறிந்தோர் நோக்குவர். புதுப்பூச்சு மதிப்பைக் குறைக்கும். பழைய தேய்வு வயதுக்குச் சான்று கூறும்.

"துரைமாரின் விளையாட்டுப் பொருள் நமக்கெதற்கு?" என வினவுவோரும் உளர். கமரா துரையுடையதாகலாம், அதன் முன்னே கூடையுடன் நின்றவள் நம் பாட்டி. அவளுக்கு வேறு படம் எவரும் எடுத்திலர். கழுவப்பட்ட தகட்டில் அவள் மீண்டும் வாராள்.

ஆதலின், பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். இத்தகைய கமராவோ தகடுகளோ உங்கள் கைக்கு வரின், எதையும் கழுவாதீர், துலக்காதீர். தகட்டின் ஓரத்தைப் பிடித்தெடுத்துத் தனித்தனித் தாளிற் பொதிந்து, ஈரம் அணுகாத இடத்தில் வையுங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்பதை எழுதுங்கள். படியெடுத்து லயங்களில் வாழும் முதியோரிடம் காட்டுங்கள். தம் பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் பெயர் சொல்லி அடையாளங் காட்டவல்லோர் இன்னும் சிலர் உளர். அப்பெயர்களையும் படங்களையும் காக்க நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலுமாரி போதும். விழாக்கால நினைவாக நாம் வேறெதைச் செய்யினும், முதற்கண் இதனைச் செய்வோமாக.