கிறவல் பாதை கிறவலாகவே இருக்கட்டும்

ஒருகொடவத்தைச் சந்தியைச் சைக்கிளில் கடந்தவர்களுக்கு நாம் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள். மறுபக்கம் கட்டுநாயக்க அதிவேக வீதியிலிருந்து புதிய களனிப் பாலத்தின் வழியாக இறங்கிவரும் வாகனங்கள். அந்தப் பாலம் 2021 நவம்பரில் திறக்கப்பட்டது. கார் வைத்திருப்போருக்கு நேரம் மிச்சமாயிற்று. ஆனால் காலையில் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போகும் தொழிலாளி, லொறிச் சில்லுக்கும் வடிகாலுக்கும் இடையில் ஒரு காலை ஊன்றியபடி இன்றும் காத்து நிற்கிறார். அதிவேக வீதியில் சைக்கிள் ஏறவே கூடாது.

அங்கிருந்து வடக்கே களனி கங்கையைத் தாண்டி, வத்தளைக்கு அப்பால் ஹெந்தளைக்குப் போனால் ஹமில்டன் கால்வாய் வரும். அது கடற்கரைக்கும் முத்துராஜவெல சதுப்பு நிலத்துக்கும் நடுவே நீர்கொழும்புப் பக்கமாக ஓடுகிறது. அதன் கரையில் சில இடங்களில் நடைபாதை கட்டியிருக்கிறார்கள். சில இடங்களில் கரையே வீட்டு வாசலாக இருக்கிறது. சில இடங்களில் வெறும் மண்ணும் கிறவலும்தான். நாங்கள் சிலர் அண்மையில் ஒரு ஞாயிறு பிற்பகல் அந்தக் கரையோரம் சைக்கிளில் போனோம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வாகனம் ஏறாத துண்டுகளில் சில்லு கிறவலில் உரசும் சத்தமும் கொக்கின் சத்தமும் மட்டுமே கேட்டன.

எம்முடன் வந்த பெரியவர் ஒருவர் வலிகாமம் வடக்கில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். 1990 இல் காணியை விட்டு வெளியேறியவர். அவர் வழியில் இறங்கி, கால்வாய் நீரில் விரலைத் தோய்த்து நாவில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். உவர்! பிறகு சதுப்பு நிலத்தைக் காட்டி, இது முன்பு வயலாக இருந்ததா என்று கேட்டார். விவசாயியின் கண்ணுக்குத் தப்பாது.

ஆம், அது வயலாகத்தான் இருந்தது. முத்துராஜவெல என்ற பெயரே அரசனின் முத்தான வயல் என்று பொருள்படும். அந்நியர் ஆட்சியில் வணிகப் படகுகளுக்காக வெட்டிய கால்வாய்களின் வழியே கடல்நீர் உள்ளே ஏறியது, நெல் அழிந்தது. அந்த உப்புநீரை வடிக்கவென்று ஆங்கிலேயர் 1802 இல் தொடங்கி 1804 இல் முடித்ததே இந்த ஹமில்டன் கால்வாய். ஆனால் வயல் மீளவில்லை. நிலத்தையும் அதில் பாடுபட்டவனையும் கேளாமல் வெட்டிய கால்வாயின் பலனை இருநூறு ஆண்டுகளுக்குப் பின்பும் நாவில் உணர முடிகிறது.

இன்று இத்தகைய ஈரநிலங்களுக்குப் புதிய மதிப்பு வந்திருக்கிறது. 2018 இல் கொழும்பு நகரம் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. சதுப்பு நிலங்களின் ஊடாக நடக்கவும் சைக்கிள் ஓடவும் வாகனமில்லாத பாதைகள் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நல்ல ஆசை. நாமும் அதை வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி உண்டு: அந்தப் பாதை யாருக்காக?

சைக்கிள் எமக்கு விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. 1990 இல் வடக்கிற்கு எரிபொருள் தடைப்பட்ட பின், மரக்கறி மூட்டையும் விறகும் நோயாளியும் பிள்ளைகளும் சைக்கிளில்தான் போனார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, எத்தனையோ குடும்பங்களின் வீடு ஒரு சைக்கிள் கரியரில் கட்டப்பட்டிருந்தது. ஆகவே ஈரநிலத்துப் பாதை என்றால், வெள்ளைத் தொப்பியுடன் விடுமுறைக்கு வருபவர் மட்டும் எம் நினைவுக்கு வருவதில்லை. மீன்பெட்டி கட்டிய சைக்கிளும், பள்ளிக்குப் போகும் பிள்ளையும், இரவு வேலை முடிந்து திரும்பும் தாயும் வருகிறார்கள். முதல் உரிமை இவர்களுடையது.

அடுத்தது, அந்தப் பாதை கிறவலாகவே இருக்க வேண்டும். இதைப் பின்தங்கிய எண்ணம் என்று சிலர் சொல்லலாம். எமது ஊர்களுக்கு என்றைக்கும் கிறவல்தானா, தார் வீதி கேட்கக் கூடாதா என்றும் கேட்கலாம். ஊர் வீதிக்குத் தாராளமாகக் கேளுங்கள். நாம் சொல்வது சதுப்பின் கரையைப் பற்றி மட்டுமே. முத்துராஜவெலவின் நிலம் அழுகிய புல்லும் செடியும் படிந்த மென்மையான மண். பாரம் ஏற்றினால் அமிழும். அங்கே லொறி தாங்கும் வீதி போட முதலில் மணல் கொட்டி உயர்த்த வேண்டும். உயர்த்தினால் அது அணையாகி நீரை மறிக்கும். மறிபட்ட வெள்ளம் பள்ளத்தில் இருக்கும் ஏழையின் குடிசைக்குள் போகும். சைக்கிள் மட்டும் போகும் வரம்புக்கு இவ்வளவு பாரம் தேவையில்லை. போதிய மதகுகள் வைத்தால் நீரும் போகும், மனிதரும் போகலாம். மழை அரித்தால் ஊரவரே மண்வெட்டியும் தாச்சியும் கொண்டு சீர்செய்யலாம்.

நாம் அஞ்சுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கிறவல் தாராகும், தார் வந்தால் லொறி வரும், லொறி வந்தால் மண் நிரப்புவோர் வருவர். நிரப்பிய நிலத்துக்கு விலை ஏறும். விலை ஏறிய நிலத்தில் எளியவருக்கு இடமிருக்காது. இது கற்பனை அல்ல. முத்துராஜவெலவின் வடபகுதி 1996 இல் சரணாலயமாக்கப்பட்டது. ஆனால் தெற்கே கெரவலப்பிட்டியவில் சதுப்பு நிரப்பப்பட்டு மின்நிலையம் எழுந்தது. அதிவேக வீதி 2013 இல் அச்சதுப்பின் ஊடாகவே திறக்கப்பட்டது. 2021 ஒக்டோபரில் இந்நிலத்தை நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் கொண்டுவரும் வர்த்தமானி வெளியானபோது, அங்கே காணி வைத்திருந்தோர் கலங்கினர். கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் சுற்றாடல் அமைப்புகளும் எதிர்த்து நின்றனர். ஒருகொடவத்தைக்கு அருகே மீதொட்டமுல்லவில் பள்ள நிலத்தைக் குப்பை மலையாக்கியதன் விளைவையும் கண்டோம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அது சரிந்து 32 பேர் மாண்டனர்.

தட்டையான ஆற்றுநிலத்தில் சைக்கிள் ஓடுவதற்கு உலகமே உதாரணம் காட்டுவது ஒல்லாந்தை. அங்கே வெள்ளம் காக்கும் அணைகளின் மேலேயே மக்கள் சைக்கிளில் போகிறார்கள். ஆனால் நாம் படிக்க வேண்டிய பாடம் வேறு. 1995 இன் தொடக்கத்தில் ஆறுகள் பெருகி, அங்கும் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். எம்மவர் வலிகாமத்தை விட்டு நடந்த அதே ஆண்டு! அவர்கள் சில நாட்களில் வீடு திரும்பினார்கள். பின்னர் ஆற்றுக்கு இடம்விட வேண்டுமென அரசு தீர்மானித்தபோது, ஓவர்டீப் என்ற பகுதியின் விவசாயிகள் தாங்களே ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். உயரமான மண்மேடுகள் அமைத்து அவற்றின் மேல் எட்டுப் பண்ணைகள் மீளக் கட்டப்பட்டன. 2015 அளவில் வேலை முடிந்தது. எல்லோராலும் அங்கே தங்க முடியவில்லை, சிலர் வெளியேறினர். என்றாலும் வரைபடம் போடும் மேசையில் விவசாயிக்கு ஒரு கதிரை இருந்தது. எமக்கு வேண்டியது அந்தக் கதிரையே.

எனவே, கால்வாய்க் கரையிலோ சதுப்பு ஓரத்திலோ பாதை அமைக்க வருவோரிடம் மூன்றைக் கேட்போம். ஒன்று: கரையில் குடியிருப்போர் எவரும் பாதைக்காகக் கிளப்பப்படக் கூடாது, அளவுக் கயிறு பிடிக்குமுன் அவர்களைக் கூட்டிப் பேச வேண்டும். இரண்டு: இரு முனையிலும் வாகனம் ஏறாதபடி கட்டை நட வேண்டும். நோயாளியை ஏற்ற வண்டி வரவேண்டுமே என்று அங்குள்ளோர் கேட்பது நியாயம். கட்டைக்குப் பூட்டுப் போட்டு, திறப்பை ஊர்ச் சங்கத்திடம் கொடுக்கலாம். மூன்று: கிறவல் போடும் வேலையும் பராமரிப்பும் அதன் கூலியும் அங்குள்ள மக்களுக்கே சேர வேண்டும்.

இது ஹெந்தளைக்கு மட்டுமான பேச்சல்ல. நீங்கள் இன்று வாழும் இடத்திலும் ஒரு குளக்கட்டு, ஒரு வாய்க்கால் வரம்பு, ஒரு களப்போரம் இருக்கும். அதை அழகுபடுத்த ஒருநாள் எவரேனும் வருவார்கள். வரும்வரை காத்திராமல், அடுத்த சங்கக் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள். வெள்ளம் எந்தப் பக்கம் வடியும், எந்த இடத்தில் மதகு வேண்டும், யார் அந்த வழியால் போகிறார்கள் என்பதை எழுதிப் பிரதேச சபைக்குக் கொடுங்கள். மண்ணைத் தொட்டும் நீரைச் சுவைத்தும் அறிந்தவர்கள் நீங்கள். காணியை இழந்திருக்கலாம், அந்த அறிவை எவரும் உங்களிடமிருந்து சுவீகரிக்கவில்லை.