சந்தைக் கூட்டமும் சித்திரக்காரனும்

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பதுளைக் கடைவீதியைக் காண்பவர் அதனைத் தைலவர்ணத்தில் தீட்டிவிட ஆசைகொள்வதில் வியப்பில்லை. நமுனுகுலை மலைச்சாரல் தோட்டங்களிலிருந்து பஸ்ஸேறி வந்த குடும்பங்கள், கோவாவும் கரட்டும் குவிந்த சாக்குகள், கருவாட்டுக் கடை முன்னே நடக்கும் பேரம், திடீர் மழைக்கு விரியும் குடைகள்! ஆயினும் சித்திரம் பயிலும் மாணவர் பலர் இக்காட்சியில் தோல்வியுறுகின்றனர். காரணம் எளிது. முதலில் ஒரு மனிதனைக் கண், மூக்கு, சட்டைப் பொத்தான் முதலாக வரைந்து முடிப்பர்; பின்பு அவன் அருகே மற்றொருவனை. பத்தாவது ஆளை எட்டுமுன் கை ஓய்ந்துவிடும். சித்திரத்திலோ கூட்டம் இராது. பாடசாலைக் குழுப்படத்திற்கு நிற்பவர் போலப் பத்துப்பேர் நிற்பர்.

கூட்டத்தைக் கூட்டமாகவே பார்க்கத் துணிந்தோருள் பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே ஒருவர். 1874இல் பாரிஸில் அவர் காட்சிக்கு வைத்த கப்புசின் வீதிச் சித்திரத்தில் நடமாடுவோர் யாவரும் கரிய சிறு தீற்றல்களே. லூயி லெருவா என்னும் விமர்சகர் அதனைப் பத்திரிகையில் எள்ளி நகையாடினார். எனினும் வழி நின்றுவிடவில்லை. 1897இல் கமீல் பிசாரோ, கண்நோயினால் வெளியே நின்று தீட்ட இயலாத நிலையில், ஹோட்டல் அறையின் ஜன்னலோரம் அமர்ந்து மொன்மார்த்ர் வீதியைப் பத்துத் தடவைக்கு மேல் தீட்டினார். வீதி ஒன்றே, மழை, மூடுபனி, திருவிழா, இரவு என்று பொழுதுகள் வேறு.

நம் மாணவர்களும் ஒரு மாடியினின்று நோக்கலாம். கண்ணைச் சற்று இடுக்கிப் பாருங்கள். பொத்தான்கள் மறையும், தகரக் கூரையின் நிழல் ஒரு திரளாகவும் வெயில் விழும் நிலம் மற்றொரு திரளாகவும் பிரியும். அவற்றையே பென்சிலால் குறித்துக்கொண்டு, வீட்டிலே பழுப்பு வர்ணத்தை டேர்ப்பன்டைனில் நீர்க்கக் கரைத்துக் கன்வஸில் இடுங்கள். மேற்பூச்சுக்களில் எண்ணெய் சிறிது சிறிதாகக் கூடவேண்டும்; முறை மாறினால் நாளடைவில் மேற்பூச்சு வெடிக்கும். தைலவர்ணம் நீர்வர்ணம் போல் ஆவியாகி உலர்வதன்று. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகுகின்றது. ஆதலால் ஐப்பசி, மார்கழி மழைக் குளிரில் மேலும் தாமதமாகும். அவசரக்காரருக்கு இது ஏற்ற கலையன்று.

இனி, கடினமான கேள்வி. தீற்றலாக விடுவது யாரை? முகம் தருவது யாருக்கு? நூறு பேருள் மூன்று நான்கு முகங்களே தெளிவாக இருக்கலாம். அதற்கு மேற்பட்டால் கூட்டம் குலையும். தேயிலை விளம்பரங்களிலும் தபால் அட்டைகளிலும் கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் மலையகப் பெண்ணை உலகம் நூறாண்டுக்கு மேலாகப் பார்த்து வருகின்றது. அங்கே அவள் பிறருக்காகப் பறிப்பவள். சந்தையிலோ வாங்குபவள். கருவாட்டை எடுத்து முகர்கிறாள், விலை கேட்கிறாள், "வேணாம்" என்று வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்கிறாள். தபால் அட்டைக்காரன் காணாத முகம் அது. தெளிவான முகங்களுள் ஒன்றை அவளுக்கே தரவேண்டும் என்பது நம் கட்சி. கடை முதலாளி தீற்றலாகவே இருக்கட்டும். அவர் மனத்தாங்கல் கொள்ளமாட்டார்.

மிகப் பிரகாசமான நிறத்தை அவள் சேலைக்கென்று ஒதுக்கி வையுங்கள். கடைசியாக, கனமாக இடுங்கள். அந்த நிறம் யாதென வீட்டிலிருந்து கற்பனை செய்யவேண்டாம். அடுத்த ஞாயிறு மீண்டும் போய்ப் பார்த்து வாருங்கள்.