பின்தங்கியவரைத் திரும்பிப் பாருங்கள்

 

பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டதும் நம் இல்லங்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. உறவினர் வீட்டு நிக்காஹ், புதுப் பிள்ளையைக் காணச் செல்லுதல், நோயாளியை நலம் விசாரித்தல் என ஏதேனும் ஒரு காரணம் அமைந்துவிடும். சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு, பயண துஆவை ஓதி வண்டியில் ஏறுகிறோம். ஆனால், பாதி வழியில் வண்டி பழுதாகி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இம்மாதம் அதைப் பற்றி எழுதுகிறேன். எழுதத் தூண்டியது என் சொந்தக் குற்றம் ஒன்று.

சென்ற கோடை விடுமுறையில் வாணியம்பாடியில் ஓர் உறவினர் திருமணம். திண்டுக்கல்லிலிருந்து இரண்டு வண்டிகளில் புறப்பட்டோம். முன்னால் என் அண்ணன் குடும்பத்தாரின் கார். பின்னால் வயது முதிர்ந்த என் தாயாரும் பிள்ளைகளும் நாங்களும் ஏறிய பழைய வேன். வேனை என் மைத்துனர் ஓட்டினார். கரூரைத் தாண்டி நாமக்கல்லை நெருங்கும்போது, சாலையோரத்தில் ஒரு கார் பானட்டைத் திறந்து வைத்தபடி நின்றிருந்தது. அருகே ஒரு பெண், முந்தானையைக் கைக்குழந்தைக்கு நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கணவர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"நிறுத்தச் சொல்லுப்பா, பச்சைப் பிள்ளைய வச்சிக்கிட்டு நிக்கிறாங்க" என்றார் என் தாயார்.

ளுஹருக்குப் பின் நிக்காஹ், நேரமாகிவிடும் என்றேன். வேறு யாராவது நிறுத்துவார்கள் என்றும் சொன்னேன். எங்கள் வண்டி நிற்கவில்லை.

மறுநாள் ளுஹர் தொழுதுவிட்டு ஊர் திரும்பினோம். ஸ்ரீநகர் முதல் கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. நம் பகுதியில் முன்பு 7ஆம் எண் சாலை என்று அழைக்கப்பட்டது. வேலஞ்செட்டியூர் சுங்கச் சாவடியைக் கடந்து வேடசந்தூரை நோக்கி வந்துகொண்டிருந்தோம். இரு மருங்கும் முருங்கைத் தோட்டங்கள். கதிரவன் சாயும் நேரம். திடீரென்று வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானட்டின் விளிம்புகளில் ஆவி கிளம்பியது. வண்டி நின்றுவிட்டது.

அண்ணனுடைய கார் எப்போதோ கண்ணுக்கு மறைந்திருந்தது. தொலைபேசியில் அழைத்தேன், எடுக்கவில்லை. கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். கடந்து செல்லும் வண்டிகளை என் மகன் எண்ணத் தொடங்கினான். நாற்பது வரை எண்ணியவன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான். என் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று நான் சொன்ன சொல் எனக்கே கேட்டது.

ஒருவர் தம் வாகனத்தில் ஏறுவதற்கு உதவுவதும், அவருடைய சுமையை அதன்மேல் தூக்கி வைப்பதும் தர்மமாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இந்நபிமொழி இடம்பெற்றுள்ளது. ஆண்டுதோறும் இதை மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வருபவன் நான். சொல்லிக் கொடுத்தது நாவில் இருந்தது. நாமக்கல் சாலையில் அது நினைவுக்கு வரவில்லை.

ஜகாத் பெறத் தகுதியுடையோர் என இறைமறை எண்ணிக் கூறும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் அவருக்கு வீடு இருக்கலாம், நிலம் இருக்கலாம். வழியில் திகைத்து நிற்கும் அந்த நேரத்தில் அவர் தேவையுடையவரே. எனக்கும் திண்டுக்கல்லில் வீடு இருக்கிறது; சட்டைப் பையில் பணமும் இருந்தது. அவற்றால் அந்த இடத்தில் எந்தப் பயனும் இல்லை.

அப்போது தோட்டத்து வரப்பின் வழியாக ஒரு விவசாயி வந்தார். அவர் சொன்ன முதல் சொல் வண்டியைப் பற்றியதன்று.

"ஏன் பாய், பொம்பளைங்களையும் பிள்ளைங்களையும் ஏன் வண்டிக்குள்ளயே வச்சிருக்கீங்க? மொதல்ல இந்தப் பக்கமா இறக்கி, தள்ளி நிக்கச் சொல்லுங்க. லாரி வர்ற ரோடு."

நான் வெட்கத்துடன் அவர்களை இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, சாலையை விட்டு விலகி ஒரு வேப்பமரத்தடியில் அமரச் செய்தேன். பயணத்தில் இரவு தங்க நேர்ந்தால் பாதையை விட்டு விலகித் தங்குங்கள் என்றும், அது இரவில் விலங்குகளும் நச்சு உயிர்களும் நடமாடும் இடம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இன்றைய பாதையில் பாம்பைவிட லாரிக்கே அதிகம் அஞ்ச வேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் கடந்துவிடுகிறது. ஓட்டுபவர் நம்மைக் கண்டு, காலைப் பிரேக்கில் வைப்பதற்குள் அது நம்மை நெருங்கிவிடும். ஆகவே, வண்டியைத் தார்ச்சாலைக்கு வெளியே இடப்புறம் ஒதுக்குவதும், நான்கு மூலை விளக்குகளையும் மின்னவிடுவதும், சிவப்பு முக்கோணப் பலகையைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைப்பதும், வண்டியின் பின்புறம் யாரும் நில்லாதிருப்பதும் உயிர் காக்கும் செயல்கள்.

இதற்கிடையே என் மகன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான். அந்த விவசாயி உரத்த குரலில் தடுத்துவிட்டார். உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் 100 டிகிரிக்கு மேலும் சூடேறி நிற்கும். மூடி தளர்ந்த மாத்திரத்தில் முகத்தில் பீறிட்டு அடிக்கும். எஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிட்டு, பிறகு கனத்த துணியைப் போட்டு மெதுவாகத் திருக வேண்டும்.

மஃரிபு நேரம் வந்தது. எங்களிடம் எஞ்சியிருந்தது ஒரு புட்டித் தண்ணீர். குழந்தைகளின் தாகத்திற்குத் தேவைப்படும் நீரை உளூவில் செலவிட வேண்டியதில்லை, தயம்மும் செய்துகொள்ளலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. ஆயினும், அருகில் நீர் கிடைக்குமா என்று முதலில் தேட வேண்டும். நான் விசாரிக்காமலேயே மண்ணை நோக்கிக் குனிந்தேன். "தண்ணியா? இந்தா, எரநூறு எட்டுல பம்புசெட்டு ஓடுது" என்றார் அவர். அந்த நீரில் உளூச் செய்து, முருங்கை மரங்களுக்கிடையே ஜமாஅத்தாகத் தொழுதோம். பயணத்திலும் மஃரிபு மூன்று ரக்அத்துகளே. நான்கு ரக்அத்துத் தொழுகைகளே இரண்டாகச் சுருங்கும். ஷாஃபிஈ மத்ஹபினர் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் அவ்வாறு சேர்க்காமல் அந்தந்த நேரத்தில் தொழ வேண்டும்.

தொழுது முடிப்பதற்குள் எஞ்சின் ஆறியிருந்தது. ரேடியேட்டரிலிருந்து செல்லும் ரப்பர்க் குழாய் அதன் முனையில் கிழிந்திருந்தது. டிராக்டர் ஓட்டிப் பழகிய அவர் கிழிந்த முனையைக் கத்தியால் இரண்டு அங்குலம் அறுத்தெடுத்தார். எஞ்சியதை இழுத்து மாட்டி, கிளிப்பை முறுக்கினார். இரண்டு குடம் நீர் கொண்டுவந்து மெல்ல மெல்ல ஊற்றினார். வேடசந்தூர் வரை தாங்கும், அங்கே புதுக் குழாய் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். பணத்தை நீட்டினேன். "தண்ணிக்கா காசு?" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நான் பாடமாகச் சொல்லி வந்ததை அவர் செய்து காட்டிச் சென்றார்.

அண்ணன் திண்டுக்கல் சேர்ந்த பிறகே நாங்கள் வரவில்லை என்பதை அறிந்தார். அவரைக் குறை கூற எனக்கு வாயில்லை. முன்னால் செல்பவர் பின்னால் பார்ப்பதில்லை. நானும் நாமக்கல்லில் பார்க்கவில்லை.

அண்ணலார் (ஸல்) அவர்களின் வழக்கம் வேறாக இருந்தது. பயணக் கூட்டத்தின் பின்புறமாக வருவார்கள், தளர்ந்தவரை ஊக்குவிப்பார்கள், நடக்க இயலாதவரைத் தம் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள், அவர்களுக்காக துஆச் செய்வார்கள். இதை அறிவிக்கும் ஜாபிர் (ரலி) அவர்களே ஒருமுறை அவ்வாறு பின்தங்கியவர்தாம். ஒரு போர்ப் பயணத்தில் அவருடைய ஒட்டகம் களைத்து நடக்க இயலாமல் போயிற்று. நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம் வந்து, என்ன நேர்ந்தது என்று கேட்டு, ஒட்டகத்தைத் தட்டி எழுப்பி நடக்கச் செய்தார்கள். அது மற்றவற்றை முந்திச் சென்றது. பிறகு அதை விலை பேசி வாங்கினார்கள். மதீனா சேர்ந்ததும் விலையையும் கொடுத்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பித் தந்தார்கள். படையை நடத்திச் செல்லும் தலைவருக்கு எத்தனை அலுவல்கள் இருந்திருக்கும்! அவ்வளவுக்கும் இடையே ஓர் இளைஞரின் களைத்த ஒட்டகத்திற்கு நேரம் இருந்தது. எனக்கோ நிக்காஹ் விருந்துக்கு நேரமாகிவிட்டது.

சகோதர, சகோதரிகளே! இனிப் பயணம் புறப்படுமுன் ரேடியேட்டர் நீர், அதன் குழாய்கள், டயர்கள், மாற்று டயரின் காற்று ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுவதே நாம் கற்ற தவக்குல். கூடுதலாக இரண்டு புட்டித் தண்ணீரும், ஒரு கைவிளக்கும், முக்கோணப் பலகையும் வண்டியில் இருக்கட்டும். பல வண்டிகளில் செல்வதாயின், பின்னால் வரும் வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முன்வண்டியில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

வழியில் நின்றுவிட்ட வண்டியைக் கண்டால் நிறுத்துங்கள். இருட்டு நேரமாகவோ, பெண்கள் மட்டும் செல்வதாகவோ இருந்து அச்சம் தோன்றினால், ஓட்டுபவர் அல்லாத ஒருவர் தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033க்குச் செய்தி சொல்லுங்கள். அல்லது அடுத்த சுங்கச் சாவடியிலோ கடையிலோ தெரிவியுங்கள். அதற்கு ஓரிரு நிமிடம் ஆகும். அந்தச் சிறு உதவியும் தர்மமே.

நாமக்கல் சாலையில் நின்ற அந்தக் குழந்தை எப்போது வீடு சேர்ந்தது என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கடனை அவர்களிடம் இனித் தீர்க்க வழியில்லை; வேறு வழிப்போக்கர்களிடம்தான் தீர்க்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாத்தருள்வானாக! பின்தங்கியவரைத் திரும்பிப் பார்க்கும் உள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.