149 டாலர் சலுகையும் 35 ஆண்டுக் கோப்புகளும்

2024 ஆகஸ்ட் 26 அன்று மேக்மியூசிக் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 1988இல் வந்து, 35 ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுக்க இசைக்கலைஞர்கள் ஸ்கோர் எழுதப் பயன்படுத்திய ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சி அன்றோடு நின்றது. அதே அறிவிப்பில் ஆறுதல் பரிசு ஒன்றும் இருந்தது. ஃபினாலே வைத்திருப்பவர்கள் ஸ்டைன்பர்க் நிறுவனத்தின் டோரிக்கோ ப்ரோவை 149 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம். அப்போது அதன் முழு விலை 579 டாலர்.

"கிட்டத்தட்ட கால் விலைக்குத் தர்றான், விடாத" என்றார் கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டை இடிக்கிறோம் என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவில் வாடகையைக் குறைத்துப் பேசியிருக்கிறோம் என்கிறார்கள். அதற்கு நாம் நன்றி வேறு சொல்ல வேண்டுமா?

மாறுபவர்களுக்கான தள்ளுபடி என்ற ஏற்பாட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். நோட்டேஷன் மென்பொருளைக் கற்றுக்கொள்ள வருஷக்கணக்காகும். எந்தக் கீயை அழுத்தினால் கால் மாத்திரை, எதை அழுத்தினால் ஸ்லர் என்பது விரலில் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் தொழிலில் இருப்பவர் லேசில் மாற மாட்டார். புதிதாக வரும் நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு தெரியும். 2012இல் ஆவிட் நிறுவனம் சிபேலியஸின் லண்டன் அலுவலகத்தை மூடியது. அங்கிருந்த குழுவை ஸ்டைன்பர்க் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவர்கள் உருவாக்கிய டோரிக்கோ 2016 அக்டோபரில் வெளிவந்தபோதும், சிபேலியஸோ ஃபினாலேயோ வைத்திருப்பவர்களுக்கு ஏறத்தாழ பாதி விலைதான். உங்கள் பழக்கத்தை உடைப்பதற்கு அவர்கள் போடும் விலை அது. வியாபாரத்தில் இது தப்பில்லை. ஆனால் இதைக் கருணை என்று சொல்லாதீர்கள்.

இந்தச் சலுகை யாருக்குக் கிடைக்கிறது? ஏற்கெனவே காசு கொடுத்து ஒன்றை வாங்கி, அதற்கு அத்தாட்சி காட்ட முடிந்தவருக்கு. நம் ஊரில் எத்தனை பேரிடம் அந்த அத்தாட்சி இருக்கும்? ஸ்டூடியோக்களில் கிராக் பண்ணிய பிரதியில் ஸ்கோர் எழுதக் கற்றுக்கொண்ட பையனுக்கு 149 டாலர் என்ற வாசலே கிடையாது. 149 டாலர் என்றால் அன்றைய கணக்கில் சுமார் 12,500 ரூபாய். முழு விலை சுமார் 48,500. மாணவர் விலை உண்டு, வசதிகள் குறைத்த இலவசப் பதிப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கல்லூரியில் இல்லாமல் கல்யாணக் கச்சேரிக்கும் சர்ச் பாடகர் குழுவுக்கும் எழுதிப் பிழைப்பவர் எந்த வரிசையில் போய் நிற்பார்?

நானும் ஒருமுறை தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மாறியவன்தான். எதிலிருந்து எதற்கு என்பது முக்கியமில்லை. சர்ச் குழுவுக்காக நாலு குரலில் எழுதிய நாற்பது பாட்டுகள் என்னிடம் இருந்தன. புது மென்பொருளில் திறந்தேன். சுரங்கள் வந்தன, தாளக்கணக்கு வந்தது. வரிகள் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாக ஒரு குப்பை. யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பழைய எழுத்துருவைத் தேடிப் போட்டுப் பார்த்தும் பாதி எழுத்து வரவில்லை. ஒவ்வொரு சுரத்துக்குக் கீழும் ஒவ்வோர் அசையாக நாற்பது பாட்டையும் மறுபடி அடித்தேன். பாட்டுக்கு மூணு மணி நேரம் என்றால் 120 மணி நேரம். அதற்கு யாரும் தள்ளுபடி தரவில்லை.

என் புகார் விலையைப் பற்றியது அல்ல, கோப்பைப் பற்றியது. ஃபினாலேயை நிறுத்தியவர்கள், அதன் லட்சக்கணக்கான வரிகள் பழசாகிவிட்டன, இனி பராமரிப்பது கடினம் என்றார்கள். இருக்கலாம். மென்பொருளுக்கும் வயசாகும். ஆனால் முதல் அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது: ஒரு வருஷத்துக்குப் பிறகு புதுக் கணினியில் ஃபினாலேயைப் போட்டு அனுமதி பெற முடியாது. அதாவது உங்கள் கணினி செத்தால் உங்கள் ஸ்கோர்களும் பூட்டிய அறைக்குள். பயனர்கள் கொதித்துப்போனார்கள். சில நாட்களுக்குள் நிறுவனம் பின்வாங்கி, அனுமதி வசதி தொடரும் என்றது. கவனியுங்கள், தள்ளுபடி கேட்காமலே வந்தது. சொந்தக் கோப்பைத் திறக்கும் உரிமை, சத்தம் போட்ட பிறகுதான் வந்தது.

இளையராஜா தாளில் கையால் எழுதுகிறவர். அந்தத் தாளைப் படிக்க நோட்டேஷன் தெரிந்தால் போதும், எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம். கணினியில் எழுதுகிற நாம் அந்தச் சாதாரண வசதியை இழந்திருக்கிறோம். இழந்ததே தெரியாமல் விலைப்பட்டியலை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

வழி இல்லாமல் இல்லை. மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற திறந்த வடிவம் 2004 முதல் இருக்கிறது. ஒரு மென்பொருளின் ஸ்கோரை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் பாலம் அது. சுரமும் சொல்லும் பெரும்பாலும் தாண்டிவிடும். நீங்கள் கையால் இழுத்து இழுத்துச் சரிசெய்த பக்க அமைப்பு பாதியில் விழும். மியூஸ்ஸ்கோர் இலவசம், அதன் மூலநிரலும் திறந்தது. லில்லிபாண்டில் ஸ்கோரே வெறும் எழுத்துக்கோப்பு, நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம். டோரிக்கோ நல்ல மென்பொருள், அதை வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இசைக்குறி எழுத்துருக்களுக்கு ஒரு திறந்த தரத்தை ஏற்படுத்தியதே அந்தக் குழுதான். வாங்குங்கள். ஆனால் சலுகை எத்தனை நாளைக்கு என்று கேட்பதற்கு முன், உள்ளே போட்டதை முழுசாக வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கம்பெனி மூடினாலும் என் பிரதி திறக்குமா என்று கேளுங்கள்.

"நாலு பாட்டு எழுதுறவனுக்கு எதுக்குய்யா இந்தக் கவலை?" என்று கேட்பீர்கள். பெரிய இசையமைப்பாளரின் ஸ்கோரைக் காப்பாற்ற யாராவது வருவார்கள். சர்ச் மாடியிலும் ஸ்கூல் பேண்டு அறையிலும் எழுதப்பட்ட நாலு பாட்டை எழுதியவன்தான் காப்பாற்ற வேண்டும். என் நாற்பது பாட்டையும் இப்போது மியூசிக்எக்ஸ்எம்எல்லாகவும் பிடிஎஃப்பாகவும் வைத்திருக்கிறேன். ஒரு பிரதி அச்சடித்து சர்ச் பீரோவிலும் இருக்கிறது. உங்களுடையதை இன்று ராத்திரியே எடுத்து வையுங்கள். அடுத்த தள்ளுபடி மின்னஞ்சல் எப்படியும் வரும். அது வரும்போது உங்கள் பாட்டு உங்கள் கையில் இருக்கட்டும்.