புகைப்போக்கி மாறியது, பெட்ரோல் கணக்கு மாறியதா?

சில மாதங்களாக ஒரே கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணே, புகைப்போக்கி மாத்திட்டேன், ஏர் பில்டரும் புதுசு போட்டுட்டேன். சத்தம் நல்லா இருக்கு. ஆனா முறுக்கின கையை விட்டா டப்டப்புன்னு வெடிக்குது. மேல போகப் போக இழுக்க மாட்டேங்குது."

கேட்பவர்கள் பெரும்பாலும் 'ஒய்சுக்கு' என்று செல்லமாக அழைக்கப்படும் யமாஹா ஒய்15இசட்ஆர் அல்லது ஹோண்டா ஆர்எஸ்150 வைத்திருக்கும் தம்பிகள். சுங்கை சிப்புட், கம்பார் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள். தோட்டம் போய் தாமான் வீடு வந்துவிட்டது. வேலை ஈப்போவில், அதுவும் பல பேருக்கு இரவு ஷிப்ட். பேருந்தை நம்ப முடியாது. மோட்டார் படுத்தால் அன்றைய சம்பளமும் படுத்துவிடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கார்புரேட்டர் காலத்தில் இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கப்சாயிலோ 125இசட்டிலோ புகைப்போக்கியை மாற்றினால் ஜெட்டையும் மாற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம், இளம் காப்பி நிறம் என்றால் சரி. லயத்து வாசலில் உட்கார்ந்தே இதைச் செய்தவர்கள் உண்டு. பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்ததும் "கம்ப்யூட்டர் பார்த்துக்கும்" என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது. அது பாதிதான் உண்மை.

சிறிய மோட்டார்களில் பெரும்பாலானவற்றில், உள்ளே போகும் காற்றின் எடையை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. காற்றழுத்தம், காற்றின் சூடு, திராட்டல் எவ்வளவு திறந்திருக்கிறது, என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது, இவற்றை வைத்து இசியு ஓர் அட்டவணையைப் பார்க்கிறது. நம் பிள்ளைகள் 'மேப்' என்பது அதைத்தான். ஒவ்வொரு கட்டத்திலும் இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். கம்பெனி அதை எழுதியது, கம்பெனி பொருத்திய புகைப்போக்கிக்கும் பில்டர் பெட்டிக்கும். நீங்கள் இரண்டையும் மாற்றிவிட்டீர்கள். அட்டவணைக்கு அது தெரியாது.

எண்ணில் பார்ப்போம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். முழு திராட்டலில் இழுவைக்காகவும் என்ஜினைக் குளிர்ச்சியாக வைக்கவும் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் கொடுப்பார்கள், ஏறக்குறைய 13க்கு ஒன்று என்ற கணக்கில். இப்போது 10 விழுக்காடு காற்று அதிகம் போகிறது, பெட்ரோல் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 என்பது 14.3 ஆகிவிடும். என்ஜின் உடனே நிற்காது. சில நேரம் முன்பைவிடத் துள்ளலாகக்கூடத் தெரியும். ஆனால் ஈப்போவிலிருந்து தாப்பா வரை நெடுஞ்சாலையில் கையை முறுக்கியபடியே போனால் சூடு ஏறி, தட்டல் ஆரம்பித்து, பிஸ்டன் தலையிலும் வால்விலும் போய் முடியும். பிஸ்டன் உருகி வந்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஆகும் செலவில் முறையாக டியூன் செய்துவிட்டு மிச்சமும் வைத்திருக்கலாம்.

"ஆக்சிஜன் சென்சார் இருக்கே அண்ணே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் சாதாரண சென்சாருக்கு 14.7க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் தெரியும். ஐட்லிங்கிலும் சீரான வேகத்திலும்தான் இசியு அதன் பேச்சைக் கேட்கும். முழுக்க முறுக்கும்போது அதைக் கவனிக்காமல் அட்டவணைப்படியே போகும். எங்கே ஆபத்து அதிகமோ அங்கே காவல் இல்லை.

அதற்காக எல்லாருக்கும் டியூனிங் தேவை என்று சொல்லமாட்டேன். புகைப்போக்கியின் பின்பகுதியை மட்டும் மாற்றி, பில்டர் பெட்டியைத் தொடாமல் விட்டால், பல வண்டிகளில் கம்பெனி வைத்த கூடுதல் பெட்ரோலே தாங்கிவிடும். முன் குழாயிலிருந்து முழுசாக மாற்றி, பெட்டியையும் கழற்றி எறிந்தால்தான் கணக்கு தப்புகிறது. வெடிச் சத்தம் கேட்டதும் இசியு வாங்க ஓடவும் வேண்டாம். முதலில் குழாய் சேரும் இடத்து கேஸ்கெட்டைப் பாருங்கள். அங்கே காற்று கசிந்தாலும் இதே சத்தம்தான் வரும். கேஸ்கெட் விலை சில வெள்ளி.

திறந்த பில்டரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பெட்டியில்லாமல் என்ஜின் பக்கத்திலேயே நிற்பதால் சூடான காற்றை இழுக்கும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை வழியாகத் தினமும் போகிறவர் அதைப் போட்டால், மலிவான பில்டர் தடுக்காத தூசி உள்ளே போய் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்க்கும். ஈப்போவின் சாயங்கால மழை வேறு. பெட்டி இருக்கட்டும், உள்ளே நல்ல பில்டர் போடுங்கள்.

சரி, டியூன் செய்வதென்றே முடிவெடுத்துவிட்டீர்கள். கம்பெனி இசியுவைப் பல வண்டிகளில் எளிதாகத் திறந்து எழுத முடியாது. அதனால் தைவானின் ஏரேசர், இந்தோனேசியாவின் பிஆர்டி ஜூக்கன் போன்ற மாற்று இசியுக்களைப் பொருத்துகிறார்கள். பொருள் நல்லதுதான். சிக்கல் அதற்குப் பிறகு. நண்பன் வண்டியின் மேப்பைக் கைப்பேசியில் வாங்கி அப்படியே ஏற்றிக்கொள்கிறார்கள். அவன் வண்டியில் கேம் வேறு, குழாய் வேறு, தேய்மானம் வேறு. அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஓட்டுவது மாதிரி.

முறையான வழி இதுதான். வால்வு இடைவெளி, பிளக், பெட்ரோல் அழுத்தம், இன்ஜெக்டர் சுத்தம் எல்லாவற்றையும் முதலில் சரிபார்க்க வேண்டும். புகைப்போக்கியில் வைட்பேண்ட் சென்சார் பொருத்தி, டைனோ மேல் ஏற்றி, ஒவ்வொரு திராட்டல் அளவிலும் ஒவ்வொரு சுற்றிலும் என்ன விகிதம் வருகிறது என்று பார்த்து, இரண்டு மூன்று விழுக்காடாகத் திருத்த வேண்டும். காதால் கேட்டு, "இப்ப ஓகே" என்று பத்து நிமிடத்தில் அனுப்பும் பட்டறையில் விட வேண்டாம். இருட்டிய பிறகு பொதுச் சாலையில் முழுக்க முறுக்கிப் பார்ப்பதும் டியூனிங் ஆகாது.

பயத்தில் பெட்ரோலை அள்ளி ஊற்றினாலும் கேடுதான். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி, நாம் கறுப்பெண்ணெய் என்கிறோமே, அந்த என்ஜின் ஆயிலில் கலந்து அதை நீர்க்க வைக்கும். ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை அடித்தால் சந்தேகப்படுங்கள்.

நம்மூர்க்காரர்கள் இன்னொன்றையும் டியூனரிடம் கேட்க வேண்டும். சிம்பாங் பூலாயில் திரும்பி கேமரன் மலை ஏறினால், தானா ராத்தா ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஈப்போவில் இருப்பதைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. கம்பெனி இசியு அழுத்தத்தைப் படித்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். மாற்று இசியுவில் அந்தத் திருத்தத்தை அணைத்து வைத்திருந்தால், மேலே போனதும் வண்டி கரி கக்கி முக்கும். "அழுத்தத் திருத்தம் வேலை செய்யுதா?" என்று கேட்டுவிட்டே காசைக் கொடுங்கள்.

சத்தத்துக்கு எந்த மேப்பும் மருந்தில்லை. எவ்வளவு அழகாக டியூன் செய்திருந்தாலும், புகைப்போக்கி இரைந்தால் ஜேபிஜேயும் போலீசும் சம்மன் எழுதுவார்கள். இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலை நான்கு மணிக்குத் தாமானுக்குள் நுழையும்போது பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் எழுந்துகொள்ளும். சத்தம் குறைக்கும் உள்குழாய் கூடவே வந்திருந்தால் அதைக் கழற்றாதீர்கள். கழற்றினால் காற்றோட்டம் மாறி மறுபடி டியூன் செய்ய வேண்டிவரும். டியூன் செய்யும் நாளிலேயே அதைப் பொருத்திக்கொண்டு போங்கள். கழற்றிய கம்பெனி புகைப்போக்கியையும் பில்டர் பெட்டியையும் இசியுவையும் விற்காமல் துணியில் சுற்றி வையுங்கள். பின்னாளில் வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.