அடுப்படியில் ஒரு ரசாயன வகுப்பு

போன வாரம் பக்கத்து வீட்டுத் தங்கை, கையில் பாடப்புத்தகத்தோடு வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்கு நாளன்னிக்குப் பரீட்சை. கரிம வேதியியல் புரியலேன்னு அழறா. நான் சொல்லித் தரட்டுமான்னு கேட்டா, 'உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா'ன்னுட்டா. நானும் இதே பாடத்தைப் படிச்சவதானே! இருபது வருஷத்துல எல்லாம் போயிடுச்சா?"

போகவில்லை, சகோதரிகளே. நம் அடுப்படியிலேயேதான் இருக்கிறது.

சப்பாத்தி மாவைக் கிள்ளி உருண்டைகள் செய்தேன். தீப்பெட்டியைக் கவிழ்த்தேன். பெரிய உருண்டை கார்பன். அதற்கு எப்போதும் நான்கு கைகள். சின்னது ஹைட்ரஜன், ஒரே கை. எந்தக் கையும் சும்மா இருக்கக் கூடாது. இதுதான் முதல் பாடம்.

ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன் என்றால் மீத்தேன். சாண எரிவாயுவில் எரிவது. மூன்று கார்பன் கைகோத்தால் புரொப்பேன், நான்கு என்றால் பியூட்டேன். நம் காஸ் சிலிண்டரில் முக்கியமாக இருப்பவை இவை இரண்டும்தான்.

இரண்டாவது பாடம்: சங்கிலியில் என்ன ஒட்டியிருக்கிறதோ, அதைப் பொறுத்துக் குணம் மாறும். ஒரு கார்பன், இரண்டு ஆக்ஸிஜன், ஒரு ஹைட்ரஜன் சேர்ந்த ஒரு கூட்டம் இருந்தால் அமிலம். வினிகர், தயிர், புளி மூன்றின் புளிப்புக்கும் இந்த ஒரே கூட்டம்தான் காரணம்.

மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு கார்பன்கள் ஒரு கைக்குப் பதில் இரு கைகளாலும் பற்றிக்கொண்டால் இரட்டைப் பிணைப்பு.

"மார்கழியில் நெய் உறையுது, நல்லெண்ணெய் உறையறதில்லை. ஏன், சொல்லு பார்ப்போம்?" என்றேன்.

யோசித்தாள். பதினெட்டு கார்பன் உள்ள சங்கிலியையே எடுத்துக்கொள்வோம். இரட்டைப் பிணைப்பு இல்லாவிட்டால் அது நேராக இருக்கும். அடுக்கிய விறகு மாதிரி நெருக்கமாகப் படியும். அதுதான் ஸ்டியரிக் அமிலம். உருக சுமார் 69 டிகிரி சூடு வேண்டும். நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு வந்தால் முழங்கை மடங்கின மாதிரி வளையும், அடுக்க வராது. அது ஒலியிக் அமிலம். 13 டிகிரியிலேயே உருகிவிடும்.

"அடடே! அதனால்தான் எண்ணெய் எண்ணெயா இருக்கா?" என்றாள்.

எண்ணெயைக் கெட்டியாக்க, நிக்கல் துணையோடு அதில் ஹைட்ரஜனைச் செலுத்துகிறார்கள். அப்படி வந்ததுதான் வனஸ்பதி. இந்த வேலையை அரைகுறையாகச் செய்தால், மிஞ்சிய சில இரட்டைப் பிணைப்புகள் திரும்பிக்கொண்டு, வளைவு நிமிர்ந்துவிடும். அணுக்கள் அதே அணுக்கள், எண்ணிக்கையும் அதே. வடிவம் மட்டும் வேறு. பாடத்தில் மாற்றியம் என்று படித்தோமே, அதுதான். ஒலியிக் அமிலத்தின் இந்த நிமிர்ந்த உருவம் உருக சுமார் 45 டிகிரி வேண்டும்.

உடம்புக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. இந்த டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி, நல்லதைக் குறைக்கிறது. மாரடைப்புக்கு வழி வைக்கிறது. நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் இது 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் பிஸ்கட், பஃப்ஸ் பாக்கெட் வாங்கும்போது டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். சூட்டிலும் காற்றிலும் இரட்டைப் பிணைப்புதான் முதலில் கெடும்.

மறுநாள் தங்கை வந்தாள். "ராத்திரி பத்து மணி வரைக்கும் ரெண்டு பேரும் உருண்டை உருட்டினோம் அக்கா. 'இன்னொரு தடவை சொல்லும்மா'ன்னா!" குரலே மாறியிருந்தது.

படித்த படிப்பு எங்கும் போய்விடுவதில்லை. தூசி தட்டினால் போதும். ஒன்று மட்டும்: வகுப்பு முடிந்ததும் அந்த மாவை எறிந்துவிடுங்கள். தீக்குச்சி குத்திய மாவில் சப்பாத்தி சுட்டு வைக்காதீர்கள்!